நானா கட்டிய பச்சை பெல்ட்

நானாவின் இடுப்பில் அத்தா பச்சை பெல்ட்டைக் கட்டிவிட்ட காலை இன்னும் என் கண்முன்னே நிற்கிறது. நானா என்றால் என் அண்ணன்; எங்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம், அப்பாவை அத்தா என்போம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. நோன்புப் பெருநாள் முடிந்து கடையைத் திரும்பத் திறந்த நாள் அது. மீன்தலைக் கறி, கோழி, இறால், கணவாய் என்று சட்டிகள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டன. சோறு அப்போதுதான் இறங்கியிருந்தது. நானா இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, தையல்காரரிடம் அளவு கொடுக்கிற பிள்ளையைப் போல நின்றார். அத்தா குனிந்து பெல்ட்டைச் சுற்றி, முன்பக்கம் இழுத்து, அதிலிருந்த பையின் மூடியைத் தட்டினார். அது தானாகவே டக்கென்று ஒட்டிக்கொண்டது. "பிஸ்மி சொல்லிக்கிட்டு கரண்டியப் புடி" என்றார். பிறகு கடை ஆட்கள் பக்கம் திரும்பி, "இனிமே எதுன்னாலும் இவர்ட்ட கேளுங்க. நான் சும்மா வந்து போற ஆளு" என்றார். அத்தா தன் மகனை 'இவர்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கைலிக்கு மேல் அகலமாகச் சுற்றி வரும் அந்தப் பச்சை பெல்ட்டை அறியாதவர்கள் எங்கள் சமூகத்தில் கிடையாது. சாவி, சில்லறை, கைப்பேசி எல்லாம் முன்பக்கப் பைக்குள் போய்விடும். கடைத்தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் யார் கடைக்காரர், யார் வேலைக்காரர் என்று இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். வளர்ந்த மகனுக்குத் தகப்பன் பெல்ட் வாங்கித் தந்தால், கடையைத் தந்துவிட்டதாகத்தான் அர்த்தம். அதற்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. நானாவோடு படித்தவர்கள் எல்லாரும் பெல்ட் கட்டி, சிலருக்குத் தொந்தி விழுந்து பெல்ட் மாற்றியும் ஆகிவிட்டது. நானாவின் இடுப்பு மட்டும் அந்தக் காலைவரை வெறுமையாகவே இருந்தது. காரணம் அவருடைய இதயம்.

நானா பிறந்தபோதே உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தனவாம். எல்லாருக்கும் இதயத்தின் கீழ்ப்பாகத்தில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்று இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும், மற்றொன்று உடம்பு முழுவதற்கும் தள்ளும். நானாவுக்கு உருப்படியாக வளர்ந்தது ஒற்றை அறைதான். கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், குழந்தையாக இருக்கும்போதும் கொஞ்சம் வளர்ந்த பிறகும் நெஞ்சைத் திறந்து திறந்து வேலை செய்தார்கள். உடம்பிலிருந்து திரும்பி வரும் பெரிய நாளங்களை இதயத்துக்குள் விடாமல் நேரே நுரையீரலோடு இணைத்துவிட்டார்கள். இருக்கிற ஒற்றை அறை உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஏற்பாடு. இப்படி ஒரு இதயத்தை மாற்றிக் கட்டலாம் என்று முதலில் நினைத்த மனிதர் யாரோ, அவருக்காக அம்மா இன்றைக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறார்.

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மின்தூக்கி அடிக்கடி மக்கர் பண்ணும். பள்ளிவிட்டு வந்தால் படியேறித்தான் ஆக வேண்டும். இரண்டு புத்தகப் பைகளையும் நான் தூக்கிக்கொள்வேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நானா நின்று, "தங்கச்சி, இன்னைக்கு கிளாஸ்ல என்னா நடந்துச்சு தெரியுமா?" என்று ஒரு கதையை ஆரம்பிப்பார். கதை பாதியில் இருக்கும்போதே மூச்சு சீராகிவிடும். உடனே கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த படிக்கட்டில் கால் வைப்பார். பாதிக் கதைகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாண வீடுகளில் பெண்கள் அவர் கன்னத்தைத் தடவி, "பாவம் புள்ள" என்று உச்சுக்கொட்டும்போது மட்டும் அந்தச் சிரித்த முகம் சுருங்கிவிடும். அன்றைக்குப் பிரியாணி இறங்காது.

அத்தா நானாவைத் திட்டியதே இல்லை. நானா கண்ணாடி டம்ளரை உடைத்தாலும் எனக்குத்தான் திட்டு விழும், அண்ணனைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று. எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மகன் என்றால் இவ்வளவு செல்லமா என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். படிப்பு முடிந்து நானா கடைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அத்தா அவரை மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் உட்கார வைத்தார். எழுந்தால் "என்னா வேணும், நான் எடுக்குறேன்" என்று ஓடி வருவார். சோற்றுத் தட்டில் குழம்பு ஊற்ற மட்டும் விடவே மாட்டார். நாசி கண்டார் கடையில் அந்த இடம்தான் எல்லாம். நாலைந்து சட்டிகளிலிருந்து எது எவ்வளவு, எதன் மேல் எது என்று கலந்து ஊற்றுகிற கைக்காகத்தான் ஜனங்கள் வெயிலில் வரிசை பிடிக்கிறார்கள். நானா அந்தக் கையைத் தன் மேசையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போய்ச் சில வருடங்களில் அவருக்குப் புதிதாக ஒரு சோர்வு வந்தது. தலை சுற்றும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டும். பழுது அறையில் அல்ல, துடிப்பில் என்றார் டாக்டர். அவர் ஒரு சீனப் பெண்மணி. நானாவிடம் மலாயில் பேசுவார், என்னிடம் ஆங்கிலத்தில். நான் வீட்டில் போய்த் தமிழில் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. துடிப்புக்கு ஆணையிடுகிற இடம் இதயத்தின் மேலறையில் இருக்கிறது. சின்ன வயதில் அத்தனை தையல் போட்ட மேலறை அது. வளர வளர அந்த இடம் களைத்துப்போய்விடுவது இப்படிப்பட்ட இதயங்களில் வழக்கம்தானாம். துடிப்பை எழுப்பிவிட ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். மற்றவர்களுக்கென்றால் தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் போட்டு, நாளத்தின் வழியாகக் கம்பியை இதயத்துக்குள் இறக்கிவிடுவார்கள். நானாவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. நாளம்தான் இப்போது இதயத்துக்குள் போவதில்லையே. ஆகவே திரும்பவும் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் வெளிப்பக்கத்தில் கம்பிகளைத் தைத்து, பெட்டியை வயிற்றில் தோலுக்கு அடியில் வைத்தார்கள். தொப்புளுக்கு இடப்பக்கம், தொட்டால் கையில் தட்டுப்படும்.

அந்தப் பெட்டி நானாவை வேறு ஆளாக்கிவிட்டது. மாடித் திருப்பங்களில் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் எனக்கு முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்துகொண்டு, "என்ன தங்கச்சி, மூச்சு வாங்குது? வயசாயிடுச்சு லாஹ் ஒனக்கு" என்று கேட்டார். அம்மா அடுப்பங்கரையில் நின்று அழுதார். அதற்குப் பிறகுதான் நானா மேசையை விட்டு எழுந்து, கரண்டியைக் கையில் எடுக்க ஆரம்பித்தார். அத்தா முதலில் பதறினார், பிறகு ஓரமாக நின்று பார்த்தார், ஒரு கட்டத்தில் பார்ப்பதையும் விட்டுவிட்டார். நானாவின் கலவைக்கென்றே வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். அவர் கை வேகம் கிடையாது, நிதானம். ஆனால் ஒரு தட்டுப்போல இன்னொரு தட்டு வராது. வந்தவர் முகத்தைப் பார்த்து ஊற்றுவார். சோறு மிதக்கக் குழம்பு கேட்பதை எங்கள் ஊரில் பாஞ்சிர் என்பார்கள், வெள்ளம் என்று பொருள். நானாவின் பாஞ்சிர் என்று தீவின் மறுகோடி பாலிக் புலாவிலிருந்து கூட கார் எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெட்டி வைத்து அனுப்பும்போது எதெது ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் முக்கியமானது காந்தம். அம்மா அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பொம்மைகளையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டார். மக்காவிலிருந்து மாமி கொண்டுவந்த காந்த ஒட்டுப்படத்தைக் கூடத் தப்பவிடவில்லை. அதைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தார். பெரிய ஒலிபெருக்கி வைத்த கல்யாணங்களில் நானாவை வாசலோடு நிறுத்திவிடுவோம். இவ்வளவு காவல் காத்த வீட்டில்தான் அத்தா அந்தப் பெல்ட்டைத் தைக்கக் கொடுத்தார்.

அத்தாவின் சொந்தப் பெல்ட்டில் இருப்பவை பழைய காலத்து அமுக்குப் பட்டன்கள். மூட வேண்டுமென்றால் கட்டைவிரலால் வயிற்றோடு சேர்த்து அழுத்த வேண்டும். நானா நாளைக்கு நூறு தடவை அப்படி அழுத்தினால் பெட்டிக்கு என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். பை தைக்கும் கடையில் போய் நின்று, பெண்கள் கைப்பையில் இருப்பதுபோல் தொட்டாலே மூடிக்கொள்கிற பட்டன் வேண்டும், குனிந்தாலும் திறக்காதபடி நல்ல பலமானதாக வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். துணிக்கு உள்பக்கமாக வைத்துத் தைத்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. காந்தம் என்றால் அவருக்குக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவது. கைப்பையை மூடுவது வெறும் பட்டன். எனக்கும் அது தோன்றவில்லை. மகனின் வயிற்றில் ஒரு விரலின் அழுத்தம் கூடப் படக்கூடாது என்று நினைத்த மனிதர், அந்தப் பட்டனைச் சரியாகப் பெட்டிக்கு மேலே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பெல்ட் கட்டிய சில நாளிலேயே நானாவுக்கு மதியம் ஆனால் ஒரு மாதிரி இருக்கத் தொடங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ படபடக்கிறது, கால் வீங்குகிறது என்பார். மாலையில் வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தால் சரியாகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் நன்றாக இருக்கும். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்கிற கருவியை உடம்பில் மாட்டி அனுப்பினார்கள். ஓய்வில் இருக்கச் சொன்னதால் நானா அதோடு வீட்டில் படுத்துக் கிடந்தார். அதிலும் ஒன்றும் இல்லை. வயிற்றிலிருந்த பெட்டியின் நினைவில் மட்டும் மேலறை தாறுமாறாக ஓடிய நேரங்கள் பதிந்திருந்தன. எல்லாமே கடை நேரம். கடையின் சூடு, நிற்கிற அலுப்பு, மிளகாய் நெடி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கண்ணேறு என்றார் அம்மா, தண்ணீர் ஓதிக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை விட்டு வந்த கூட்டத்துக்கு நடுவில், கரண்டி கையில் இருக்கும்போதே நானா சரிந்து விழுந்தார். மேலறை கட்டுக்கடங்காமல் சுழன்று ஓட, அந்த ஒற்றை அறையால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, மின்சார அதிர்ச்சி வைத்துத்தான் துடிப்பைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு அறை உள்ளவர்கள் தாங்குவதை இவர் தாங்கமாட்டார், அடுத்த தடவை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாமல் போகலாம், நின்றுகொண்டு செய்கிற வேலை வேண்டாம் என்றார். நான் அதை அத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். அத்தா அன்றைக்கே பாகான் டாலாமில் இருக்கும் பெரியத்தா மகனைக் கூப்பிட்டு, கடையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நானா வீட்டில் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சன்னலோரம் உட்கார்ந்து கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உசுரோட இருக்குறது முக்கியம் நானா" என்று ஒருநாள் சொன்னேன். "இருக்குறது இருக்கட்டும் தங்கச்சி, இருந்து என்னா செய்ய?" என்றார். ஒற்றை அறையோடு பிறந்து, அத்தனை கத்தியைத் தாங்கி, முப்பது வயதைத் தாண்டி வந்த ஒருவரிடம் உயிரின் அருமையைப் பற்றி நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறு பரிசோதனைக்குப் போன நாளிலேயே கடையைப் பெரியத்தா மகனிடம் ஒப்படைப்பதாகவும் ஏற்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போக வேண்டும். நானா வெள்ளைச் சட்டை போட்டு, கைலி உடுத்தி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கடையில் வைத்து, எல்லார் முன்னாலும் தன் கையால் கழற்றி அத்தாவிடம் கொடுக்கப்போகிறேன் என்றார். அத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியைச் சோதிக்கிறவர் ஒரு தமிழ் அக்கா. ஆஸ்பத்திரியில் அதற்கென்றே படித்து வேலை பார்ப்பவர். நானாவின் பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் வைக்கச் சொல்லி, படுக்க வைத்து, நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார். வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்துப் பெட்டியோடு பேசினார். எல்லாம் சரியாக இருந்தது, எப்போதும்போல. "டாக்டர் வந்து ஒரு வாட்டி பாப்பாங்க தம்பி, கம்பிய எடுக்க வேணாம், அப்படியே படுத்திருங்க" என்று சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினார். டாக்டர் வருகிறார் என்றதும் நானா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடைசி நாளில் டாக்டர் முன்னால் அவிழ்த்துப்போட்ட கோலத்தில் கிடக்க அவருக்கு மனம் இல்லை. கைலியை இழுத்துச் செருகி, பெல்ட்டைச் சுற்றி, பையைத் தட்டினார். டக்கென்று அது மூடிக்கொண்டது.

"தம்பி, என்னா செஞ்சீங்க?" என்றார் அந்த அக்கா. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண் திரையிலேயே இருந்தது.

"ஒன்னும் செய்யலயேக்கா. பெல்ட்டுதான் கட்டுனேன்."

"கழட்டுங்க."

நானா கழற்றினார். திரையில் கோடுகள் மறுபடி பழையபடி ஓடின.

"இப்பக் கட்டுங்க." கட்டினார். பெட்டியின் துடிப்புகள் மட்டும் ஒரே சீராக வரிசைகட்டி வந்தன, நடுவில் நானாவின் சொந்தத் துடிப்பு எங்கேயோ ஓரமாக முட்டிக்கொண்டிருந்தது. அந்த அக்கா கையை நீட்டி பெல்ட்டை வாங்கி, பையின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, வளையம்போல் ஒரு பெரிய காந்தத்தை எடுத்துக் காட்டினார். "பெட்டிய சோதிக்கணும்னா நாங்க இத வச்சுத்தான் பாப்போம். நீங்க நாளெல்லாம் இதக் கட்டிக்கிட்டே கடையில நின்னிருக்கீங்க" என்றார்.

வந்து சேர்ந்த டாக்டர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெட்டி சும்மா அடித்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் இதயத்தைக் கேட்கும், இதயம் தானாகத் துடித்தால் விட்டுவிடும், தாமதித்தால் மட்டும் எழுப்பும். காந்தம் பக்கத்தில் வந்தால் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் போக்கில் அடிக்கும்; பையின் மூடி திறந்து காந்தம் விலகிய நேரங்களில்தான் மேலறையின் ஓட்டம் அதன் நினைவில் பதிந்திருக்கிறது. கொதிக்கிற குழம்புச் சட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வரும்போது ஒருவர் மற்றவரின் காலடியைப் பார்க்காமல் நடப்பது மாதிரி என்று பிறகு வீட்டில் நான் அம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைத்தேன். தையலும் தழும்புமான மேலறை அந்த இடிபாட்டில்தான் மிரண்டு ஓடியிருக்கிறது. நானா சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப கடையில தப்பில்ல. நான் நிக்கிறதுல தப்பில்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டாக்டரிடம் மலாயில் கேட்டார்: கடைக்குப் போகலாமா? மாத்திரையை விடக்கூடாது, மாதம் தவறாமல் வந்து காட்ட வேண்டும், களைத்தால் உட்கார வேண்டும், போகலாம் என்றார் டாக்டர். நான் அழுதுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தாவிடம் போய் நான்தான் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறேன் என்ற நினைப்பில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தாவின் முகம் வெளுத்தது. "நாந்தான் கட்டி விட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்தவர் பெல்ட்டைக் குப்பையில் போடச் சொன்னார். அஸர் தொழுதுவிட்டு அந்தப் பாயிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கடையில் காத்திருந்த பெரியத்தா மகனுக்கு வேண்டாம் என்று போன் பண்ணவும் இல்லை. மகனைக் கொல்லப் பார்த்தவன் மகனுக்குக் கடை கொடுக்க என்ன யோக்கியதை என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

நானா போய் அவருக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

"அத்தா, இங்க பாருங்க. பொறந்ததுலேருந்து நீங்க என்னைப் பாக்குறப்பல்லாம் நெஞ்சத்தான் பாப்பீங்க. மூச்சு வாங்குதா, ஒதடு நீலமா இருக்கா, இப்படியேதான். ஒரு தடவ திட்டுனதில்ல, ஒரு தடவ வேல ஏவுனதில்ல. அன்னைக்குப் பெல்ட்டு கட்டி விட்டப்பதான் மொத தடவையா என் மூஞ்சப் பாத்தீங்க. ஒரு மொதலாளியப் பாக்குற மாதிரி பாத்தீங்க. அதுக்கு ஒரு வாட்டி விழுந்து எந்திரிச்சா எனக்கு ஒன்னும் நட்டமில்ல."

"உசுரு போயிருந்தா?" என்றார் அத்தா.

"போவலயில்ல? எந்திரிங்க லாஹ் அத்தா. நாளைக்குக் கடை இருக்கு."

சின்ன வயதில் நான் பொறாமைப்பட்ட அந்தச் செல்லத்தின் கனம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் அண்ணன் அதை இத்தனை வருடம் முனகாமல் சுமந்திருக்கிறார். அறுவைகளைத் தாங்கியதைவிட எனக்கு அதுதான் பெருமையாக இருக்கிறது. அம்மா அந்தப் பெல்ட்டைக் குப்பைக்கு விடவில்லை. காந்தத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, துணியாலேயே முடிச்சுப் பட்டன் வைத்துத் தைத்தார். போன் பண்ணிப் பெரியத்தா மகனைத் திரும்பிப் போகச் சொன்னதும் அம்மாதான். அத்தா மட்டும் கடைப்பக்கம் வரவில்லை.

இப்போது நானாவின் பெட்டிக்கு மின்கலம் தீர்ந்து, புதியது வைத்தாகிவிட்டது. மேலறை அவ்வப்போது மிரளத்தான் செய்கிறது. மாத்திரை கூடுகிறது, குறைகிறது. ஒற்றை அறை இதயத்தோடு வளர்ந்தவர்கள் முதுமை வரை எப்படிப் போவார்கள் என்று மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகத் தெரியாதாம். உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் நடந்து காட்டித்தான் நாங்கள் தெரிந்துகொள்கிறோம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் அதையும் தமிழில் மொழிபெயர்த்து ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. உச்சுக்கொட்டுகிற பெண்கள் யாராவது இன்னமும் "பாவம், எப்படி இருக்காரு?" என்று கேட்டால், நான் அவர்களுக்கு, அம்மா பெல்ட்டின் காந்தத்தைப் பிரித்தெடுத்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்வேன்.

ஜும்ஆ முடிந்து கூட்டம் நடைபாதை வரைக்கும் நின்றது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். நானா விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரி. தலையை நிமிர்த்தியபோது வரிசையில் அத்தா நிற்பது தெரிந்தது. தொப்பியோடு, தொழுதுவிட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு, ஒரு மலாய்க்கார அலுவலருக்கும் இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கும் நடுவில் நின்றார். கடை ஆள் ஒருவர் ஓடிப்போய் உள்ளே கூப்பிட்டார். அத்தா கையை அசைத்து மறுத்துவிட்டார். நானாவும் பார்த்துவிட்டார். அவர் இடத்தைவிட்டு அசையவில்லை, கையில் இருந்த தட்டை முடித்து அடுத்த தட்டை எடுத்தார்.

அத்தாவின் முறை வந்தது. "என்னா வேணும்?" என்றார் நானா.

"மீனு ஒரு துண்டு. வெண்டிக்கா."

"கொழம்பு?"

அத்தா கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து நானாவின் முகத்தைப் பார்த்தார். "மொதலாளி எப்படி ஊத்துறாரோ, அப்படியே ஊத்தட்டும்" என்றார்.

சட்டிக்குள் போன கரண்டி ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு வெளியே வந்தது. மீன், கோழி, இறால் என்று ஒவ்வொரு சட்டியாகத் தொட்டு, சோறு மிதக்க மிதக்க ஊற்றினார் நானா. தட்டைக் கண்ணாடிக்கு மேலே நீட்டினார். அத்தா வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். வரிசை காத்திருந்தது.

"தள்ளி நில்லுங்க அத்தா, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்று நானா அதட்டினார்.

அத்தா சிரித்துக்கொண்டே தட்டோடு தள்ளி நின்றார்.